அலமாரிக் கண்ணாடியில் என் மாமியார்

மலேசியாவின் கிள்ளானில் வீடு மாறும் நேரத்தில், கண்ணாடி வைத்த பழைய அலமாரியை விற்க இணையத்தில் படத்தோடு விளம்பரம் போட்டேன். மறுநாள் காஜாங்கிலிருந்து ஒரு பெண் அழைத்தார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் படத்த முதல்ல எடுத்துடுங்க லா. கண்ணாடியில ஒரு அம்மா உடுப்பு மாத்துறது தெரியுது."

பதறிப்போய்ப் படத்தைப் பார்த்தேன். குளித்துவிட்டு வந்த என் மாமியார், பாவாடையை மார்பு வரை கட்டியபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உடனே நீக்கினேன். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ!

மறைக்க மனம் வராமல் மாமியாரிடமே சொன்னேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தள்ளி உக்காந்திருப்பேனேம்மா," என்றார்.

திட்டியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

இப்போதெல்லாம் எதை விற்பதானாலும், படத்தை முதலில் அவரிடம் காட்டுகிறேன். அவர் சரி என்ற பிறகே போடுகிறேன்.