லேத்துக்கு வைத்த பொட்டு

லேத்தைப் பிரிப்பது எளிது என்று சொல்கிறவன் லேத்தைப் பிரித்திருக்க மாட்டான். அறுபது வயதில், முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணும்போது, தனி ஆளாகப் பிரித்துப் பார்த்தால் தெரியும். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற 'சக்'கைக் கழற்றி இறக்கவே ஒரு காலைப்பொழுது போயிற்று. சங்ககிரி லாரிகளுக்கு புஷ், பின் என்று உதிரி பாகங்களைக் கடைந்து கடைந்து தேய்ந்த மெஷின் அது. என்னைவிட வயதில் மூத்தது, பிடிவாதத்திலும் மூத்தது.

சூடாகிறது என்றுதான் பிரித்தேன். அரை மணி நேரம் ஓட்டினால் அதன் தலைப்பாகமான ஹெட்டில் கை வைக்க முடியாது. போன வருஷமும் இப்படித்தான் புகைந்தது. அப்போது அதை ஓட்டியது பதினோரு வருஷமாக என்னிடம் வேலை பார்த்த புதுச்சத்திரத்துக்காரன்.

"எண்ணெய் ஊத்துனியா இல்லியா?" என்றேன்.

"தெனமும் ஊத்தறேனுங்க" என்றான்.

பொய் என்று நினைத்தேன். அன்றைக்கே அனுப்பிவிட்டேன். அதோடு என் வாய் சும்மா இருந்ததா? எண்ணெய் ஊற்றாமல் மெஷினைக் கெடுத்தவன் என்று பட்டறை பட்டறையாகப் போய்ச் சொன்னேன். இந்த வட்டாரத்தில் அப்புறம் எந்த லேத்திலும் அவனை யாரும் நிற்க விடவில்லை. முட்டை லாரிக்கு லோடு ஏற்றுகிறான் என்று கேள்வி.

அவன் போன பிறகு நானேதான் ஓட்டினேன், நானேதான் எண்ணெய் ஊற்றினேன். அப்படியும் சூடு தணியவில்லை. அப்போதே என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு பாகமாக டீசலில் ஊறப்போட்டு, பனியன் வேஸ்ட்டால் துடைத்தேன். கியரில் பல்லுக்குப் பல் கறுப்புப் பிசுக்கு. சுரண்டச் சுரண்ட நகக்கண் எரிந்தது. உட்கார்ந்தால் எழ மாட்டேன் என்று உட்காரவில்லை. எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிற அளவுக்கு அலுத்துப்போயிற்று. கடைசியில் ஹெட்டுக்குள் சுழல்கிற தண்டான ஸ்பிண்டிலை உருவினேன். அதைத் தாங்குகிற வெண்கல வளையமான கன்மெட்டல் புஷ், சொட்டு எண்ணெய் இல்லாமல் வரிவரியாகக் கீறிக் கிடந்தது.

மேலே எண்ணெய் விடுகிற துளையில் கம்பியை விட்டேன். இறங்கவில்லை. திருகித் தோண்டினேன். காய்ந்த சந்தனம் வந்தது. பிறகு குங்குமம், மறுபடி சந்தனம். விரல் நீளத்துக்குக் கெட்டியாக இறுகியிருந்தது.

வெள்ளி தவறாமல் லேத்துக்குப் பொட்டு வைக்கிறவன் நான். அந்தத் துளையின் மூடி என்றோ தொலைந்துவிட்டது. ஹெட்டின் நடு உச்சியில் இருந்ததால் அதையே மெஷினுக்கு நெற்றி என்று வைத்துக்கொண்டேன். பழைய பொட்டைத் துணியால் அழுத்தித் துடைத்துப் புதியதை அப்புவேன். அவன் ஊற்றிய எண்ணெய் உள்ளே போகாமல் வெளியே வழிந்தபோதும், "எண்ணெயென்ன உங்கப்பன் ஊட்டுச் சொத்தா?" என்று அவனைத்தான் திட்டியிருக்கிறேன். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் பஸ் ஏறிப் போனேன். புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை அட்டைகளை லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் "வாங்க" என்றான். கையிலிருந்ததை இறக்கவில்லை.

"தப்பு எம்மேலப்பா. எண்ணெய்த் தொளைய நாந்தான் சந்தனத்தால அடைச்சு வெச்சிருக்கறேன்" என்றேன்.

"தெரியுமுங்க" என்றான். "ஒருக்காக் கம்பிய உட்டு எடுக்கப் போனேன். சாமி பொட்டுலயாடா கம்பிய உடறேன்னு கைய ஓங்குனீங்க. அப்பறம் எப்படிங்க சொல்றது?"

எனக்கு அது நினைவிலேயே இல்லை. திரும்பி வந்துவிடச் சொன்னேன்.

"உங்ககிட்ட வேண்டாமுங்க. வேற எங்கியாச்சும் லேத்துல நின்னுக்கறேன். நீங்க சொன்னத நீங்களே மாத்திச் சொல்லீட்டீங்கன்னாப் போதுமுங்க."

அன்று சாயங்காலமே முதல் பட்டறைக்குப் போனேன். சந்தனம், கம்பி, கை ஓங்கியது என்று ஒன்று விடாமல் சொன்னேன். பட்டறைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"உங்குளுக்கு எளகின மனசுங்க. அவம்மேல பாவப்பட்டுப் பேசறீங்க. நெருப்பில்லாமப் பொகையுமுங்களா?"

"பத்த வெச்சது நாந்தானுங்க" என்றேன்.

அவர் பட்டறைப் பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னார். நான் என்ன சொன்னாலும் அது என் நல்ல மனசுக்குத்தான் கணக்காயிற்று. அவன் பெயர் இம்மியும் வெளுக்கவில்லை. டீ வருவதற்குள் எழுந்துவிட்டேன். இன்னும் ஆறு பட்டறைக்குப் போயாக வேண்டும்.