நான் கேட்ட எழுப்புதல்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதரிகளே, என் முழங்காலைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கர்த்தர் செய்ததை மறைக்கக் கூடாது.

போன வருஷம், அறுப்பின் பண்டிகைக்கு முந்தின மாதம், சித்தூரில் எங்கள் கோயிலில் திருவிருந்து. பீடத்தண்டை முழங்காற்படியிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கினேன். எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. அடுத்த வரிசை எனக்காகக் காத்து நின்றது. கையை ஊன்றினேன், பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தேன். வாலிபர் இருவர் மூட்டையைத் தூக்குவதுபோல் என்னைத் தூக்கினார்கள். இளம் வயதிலேயே விதவையாகி, ஒருவர் கையையும் எதிர்பார்க்காமல் பிள்ளைகளை வளர்த்தவள் நான்.

அதற்குப் பிறகு திருவிருந்துக்கே போகவில்லை. வீட்டில் சுவரைப் பிடித்து நடந்தேன். குளியலறைக்குப் போகவும் பயம். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும். "என்னை எழுப்பும், இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளும்" என்று அழுதேன். பதில் வரவில்லை.

ஒருநாள் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் தாங்க முடியாமல், "எழுப்பும் ஆண்டவரே, எழுப்பும்!" என்று கதறிவிட்டேன். சபையின் எழுப்புதலுக்காக, அது விசுவாசத்தில் புதிதாய் உயிர்பெற வேண்டும் என்று, நான் பாரத்தோடு ஜெபிக்கிறதாக நினைத்து எல்லாரும், "ஆமென்! அல்லேலூயா!" என்று சத்தமிட்டார்கள். அவ்வளவு பேர் நடுவில் என் வேதனை ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றுபோல் நான் என்றும் உடைந்ததில்லை.

கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்து போனார்கள். நான் பாயிலேயே இருந்தேன். என் நாத்தனார் கிரேஸ் திரும்பி வந்தாள்.

"என்னா அண்ணி, எல்லாரும் போய்க்கினு இருக்காங்க, நீ இன்னும் குந்திக்கினு கீறே?"

"ஜெபம் பண்றேன்."

"கண்ணத் தொறந்துக்கினா? நீ எழுப்பச் சொன்னது சபையையா, உன் முட்டியையா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "முட்டியத்தான்டி."

"அடிப்பாவி! அப்போ நாங்க போட்ட அல்லேலூயா எல்லாம்?"

அவள்தான் என்னைத் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். உடற்பயிற்சி சொல்லித்தரும் தெலுங்குப் பெண், சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டச் சொன்னாள். நாற்காலியைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள்.

"இந்த வயசுல கொக்கு மாதிரி நிக்கணுமா?" என்று உட்கார்ந்தபடியே முறைத்தேன்.

"கொக்கு எப்பவாச்சும் விழுந்து பாத்திருக்கீங்களா? லேவண்டிம்மா, லேவண்டி!"

லேவண்டி என்றால் எழுந்திருங்கள் என்று அர்த்தம். உடம்பு சிலிர்த்தது. நான் தமிழில் கேட்டதற்கு ஆண்டவர் தெலுங்கில் பதில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

உடனே சுகம் வந்துவிடவில்லை. தினமும் வலித்தது. எத்தனையோ காலைகளில் நாற்காலியைப் பிடித்தபடியே, "இதுதானா உம்முடைய பதில்?" என்று அழுதிருக்கிறேன். ஆனாலும் காலை நீட்டினேன்.

இந்த ஈஸ்டருக்குப் பீடத்தண்டை போய் முழங்காற்படியிட்டேன். பீடத்து முன் இருக்கும் கிராதிக் கம்பியைப் பிடித்தேன். கால் நடுங்கியது. வாலிபர் ஒருவர் நெருங்கி வந்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். வரிசை காத்து நின்றது. நிற்கட்டும். மெதுவாக, ஒருவர் கையும் படாமல் எழுந்தேன்.

"வந்துடுச்சு அண்ணி, எழுப்புதல்!" என்று கிரேஸ் காதோரம் சொன்னாள்.

சகோதரிகளே, முட்டிக்கு வேண்டுமானால் முட்டிக்கு என்றே கேளுங்கள். அவர் எழுப்புவார். நீங்களும் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.