காரம் நடுத்தரம்

அப்பா இரண்டு சுருட்டுப் பெட்டிகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, "எது நல்லதெண்டு நீதான் பிள்ளை பார்த்துச் சொல்லவேணும்" என்றார். அதுவரை நான் சுருட்டைக் கையால் தொட்டதுகூட இல்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து பிழைக்க வந்த துறைமுக நகரை ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது. அப்பா துறைமுகத்துக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சரக்குகளுக்கு அவர் பொறுப்பு. மறுநாள் விருந்துக்கு மிகச் சிறந்த சுருட்டு ஒரு பெட்டி வேண்டும் என்று ஜப்பானிய அதிகாரி உத்தரவிட்டிருந்தார். முன்பு அந்த வேலையில் இருந்தவர் ஒரு விருந்துக்குப் புளித்த ஒயினைக் கொடுத்துவிட்டு, சயாம் ரயில்பாதை போடும் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டார். இன்னும் திரும்பவில்லை.

அப்பா சுருட்டிலேயே ஊறியவர்தான். ஆனால் அந்த வருடத்துச் சளிக்காய்ச்சலோடு அவருடைய மூக்கு போய்விட்டது. மண்ணெண்ணெயும் மல்லிகையும் அவருக்கு ஒன்று. நான் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பழகியவள், ஆகவே எதையும் சோதித்துச் சொல்லிவிடுவேன் என்று நம்பினார்.

"உங்களுக்கென்ன விசரோ? கலியாணம் ஆகாத பிள்ளையின்ரை வாயிலை சுருட்டை வைக்கிறியள்" என்று அம்மா கேட்டாள். கேட்டுக்கொண்டே ஜன்னல்களையும் சாத்தினாள்.

இரண்டு பெட்டியும் ஒரே சரக்கு. மூடியில் 'காரம் நடுத்தரம்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. ஒன்றில் மட்டும் சுருட்டுகள்மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்ததால் அப்பா துடைத்துத் தகரக் கூரைமேல் வெயிலில் காயவைத்திருந்தார். மழை நாளில் யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கு எங்கள் வீட்டில் செய்யும் வைத்தியம் அது.

ஆய்வுக்கூடத்தில் செய்வதுபோலவே தொடங்கினேன். முதலில் பார்வை, பிறகு விரலால் அழுத்தம், மணம், பற்றவைக்காமல் ஓர் இழுப்பு, கடைசியில் நெருப்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவே பால் இல்லாத் தேநீரால் வாயைக் கொப்புளித்தேன். புகையை விழுங்கக்கூடாது என்று அப்பா சொன்னது, ஒருமுறை விழுங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

காயாத சுருட்டு அழுத்தினால் மெல்ல அமுங்கி எழுந்தது. முதலில் சீவிய பென்சிலின் மணம். பாதியில் வறுத்த காப்பிக்கொட்டை. பிறகு நாக்கு நுனியில் கொஞ்சம் மிளகு. சாம்பல் உதிராமல் நின்றது. வெயிலில் காய்ந்தது தொட்டதும் தோல் வெடித்தது, மளமளவென்று எரிந்தது, தொண்டையை அறுத்தது.

ஆனால் எது நல்லது? ஆய்வுக்கூடத்தில் எந்தச் சோதனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சரியான மாதிரி இருக்கும். இங்கே என்னிடம் இருந்தது அந்த மூடி மட்டுமே. அதை நம்பினால் காயாததுதான் சரி. அப்பாவோ இரண்டையும் இழுத்துப் பார்த்துவிட்டு, காய்ந்ததைத் தூக்கிக் காட்டினார்.

"இதெல்லோ சுருட்டு. மற்றது வெறும் காத்து."

மூக்கு போனவருக்குத் தொண்டை மட்டும்தானே மிச்சம் என்று எனக்குத் தோன்றியது. காயாத பெட்டியையே கொடுக்கச் சொன்னேன். யாராவது கேட்டால் பென்சில், காப்பி, மிளகு என்று வரிசையாகச் சொல்லும்படி பாடம் பண்ணி வைத்தேன். மகள் பார்த்தாள் என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லக்கூடாது என்றாள் அம்மா. எதற்கும் இருக்கட்டும் என்று அப்பா இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அவர் வரும்வரை மரவள்ளிக்கிழங்கு அடுப்பிலேயே கிடந்தது. யாருக்கும் பசிக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வந்தார். அதிகாரி காயாத பெட்டியிலிருந்து ஒரு சுருட்டைப் பற்றவைத்துவிட்டு, எப்படி இருக்கும் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாராம். பதற்றத்தில் அப்பா மிளகை முதலிலும் பென்சிலைக் கடைசியிலும் சொல்லிவிட்டார். அதிகாரி கண்ணை மூடி நெடுநேரம் இழுத்தார். பிறகு அந்தப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, காய்ந்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். அது கையிலேயே நொறுங்கியது. அவர் சிரித்தாராம். சிரித்துக்கொண்டே பெட்டியை அப்பாவிடம் தள்ளி, வீட்டுக்குக் கொண்டுபோ என்று கையைக் காட்டினார்.

"சந்தோஷத்திலையோ, கோவத்திலையோ?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியேல்லை. நாளைக்கும் வேலைக்கு வரச் சொன்னவர்."

மிளகு முன்னால் வந்தால் பிழையில்லையா என்று எனக்குள் கேட்டபடி நான் உலைமூடியைத் திறந்தேன். பின்கதவுப் படியில் அப்பா வெடித்த சுருட்டு ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டிப் பற்றவைத்தார்.

"காரம் இருக்குது பிள்ளை" என்றார்.