சவளக்கடையில் கரடி பேசிய தமிழ்

காலை ஒன்பதரைக்குச் சாய்ந்தமருதிலிருந்து புறப்பட்டேன். கையில் இரவல் புரொஜெக்டர், சட்டைப் பையில் பென்டிரைவ், தலைக்குள் வழக்கம்போல ஒன்றுமில்லை. கல்முனை வரை ஓட்டோவுக்கு நானூறு ரூபாய். அங்கிருந்து மத்தியமுகாம் போகும் பஸ்ஸில் சவளக்கடைக்கு எண்பது. ஏழெட்டுக் கிலோமீற்றர்தான். ஆனால் கிட்டங்கியைத் தாண்டியதும் கடல் வாசனை போய்ச் சேற்று வாசனை வந்துவிடும்.

"ஜப்பான், பெட்டிக்குள்ள என்ன?" என்றான் கண்டக்டர்.

"கரடி."

"அப்ப கரடிக்கும் டிக்கட் எடு."

ஊரில் என் பெயர் ஜப்பான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதால், ஜப்பானுக்குப் போய் ஐந்து வருடம் பழைய கார் உடைத்தேன். பாஷையைக் கற்றுத் தந்தது தங்குமிடத்து டீவி. வெள்ளைக்காரன் செய்த கார்ட்டூன் படங்களுக்கு ஜப்பான்காரர் தங்கள் குரலைக் கொடுப்பார்கள். சும்மா மொழிபெயர்ப்பதில்லை. படத்தில் கடைப் பலகை வந்தால் அதிலும் ஜப்பான் எழுத்து ஏறிவிடும். கதையில் பிள்ளை முகம் சுளிக்கும் மரக்கறி தங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்ததென்றால், மரக்கறியையே மாற்றி வரைந்துவிடுவார்கள். பட்டிக்காட்டு ஆள் ஒருவர் வந்தால், வடக்கே நெல் விதைக்கிறவர்களின் பேச்சை அவர் வாயில் வைப்பார்கள். வைத்தவுடன் சிரிப்பு.

என் பென்டிரைவில் இருந்ததும் அப்படியொன்று. பனிக்காட்டில் ஆற்றைக் காவல் காக்கும் கிழட்டுக் கரடியின் கதை. இங்கிலீஷில் அது எப்படிப் பேசியதோ அல்லாஹ்தான் அறிவான். ஜப்பானில் அது நெல்லுக்காரர். கார் உடைக்கும் யாட்டில் எங்களோடு வேலை செய்த ஜப்பான்காரர்களில் ஒருவர் அந்த வடக்கத்தி ஆள். இந்தப் படம் ஓடியபோது எல்லோரும் கரடியைக் கேட்டு, அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். விளங்காமலே நானும் சிரித்தேன். தேத்தண்ணீர் போட்டு வருகிறேன் என்று எழும்பிப் போனவர் திரும்பி வரவில்லை. தேத்தண்ணீர் வரவில்லையே என்றுதான் எனக்கு அன்று கவலை.

சவளக்கடைச் சந்தியில் ஆதம்பாவா மச்சான் சைக்கிளோடு நின்றார். என் மனைவி நஸீராவின் மூத்த காக்கா, கூடப் பிறந்த அண்ணன். அந்தப் பக்கத்து வயல்களுக்கு அவர்தான் வட்டைவிதானை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்து விடுகிறவர். வரம்பில் நின்று மூன்று தரம் செருமிவிட்டு, "ஓ...ய், மடையக் கட்டுங்க மனே..." என்று இழுத்தாரென்றால் கண்ணுக்கெட்டாத வயலில் நிற்பவனும் தன் மடையை அடைத்துத் தண்ணீரைக் கீழ் வயலுக்கு விட மண்வெட்டியை எடுப்பான்.

"கூட்டம் எண்டா ஒருத்தனும் வாறானில்ல மச்சான்," என்றார். "படம் எண்டா வருவானுகள். முடிஞ்ச கையோட தண்ணிக் கதைய எடுத்திருவன். மேல் வயல்காரன் மறிச்சி வெச்சிக் கடைசி வயலெல்லாம் மஞ்சளாப் போகுது. இண்டைக்கு ஒத்துக்க வெக்கணும்."

"பயப்படாதீங்க மச்சான், சனத்த நான் பிடிச்சித் தாறன்," என்றேன். வாய் என்னுடையது, அதற்கு வரியில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு விவசாயிகள் கட்டிடத்தின் ஜன்னல்களை உரப்பையால் மூடிப் படத்தைப் போட்டோம். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஜப்பானியத்தைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னேன். முதலில் இந்திய டீவித் தமிழில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் இரண்டு பேர் செருப்பைத் தேடினார்கள். எனக்கு வியர்த்தது. அந்த நேரம் பார்த்துக் கரடி ஆற்றங்கரையில் எழும்பி நின்றது. ஜப்பான்காரன் என்ன செய்தான், தன் நெல்லுக்காரனைத் தேடிப் பிடித்தான். எனக்குத் தெரிந்த நெல்லுக்காரர் ஒருவர்தான். மூன்று தரம் செருமினேன்.

"ஓ...ய், மடையக் கட்டுங்க மனே..."

கட்டிடம் அதிர்ந்தது. செருப்புத் தேடியவர்கள் இருந்துவிட்டார்கள். முன் கதிரையில் மச்சானும் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அதுதான் என்னை மோசம் செய்தது. அவரே சிரிக்கிறாரே என்று இன்னும் நன்றாக இழுத்தேன். ஒரு மனிதனுக்குத் தன் சத்தம் தனக்கே தெரியாதென்பது எனக்கு எங்கே தெரியும்? ஆட்கள் திரையை விட்டுவிட்டுத் தன்னைத் திரும்பிப் பார்ப்பதைக் கண்ட பிறகுதான் அவருடைய கை தொடையில் நின்றது.

படம் முடிந்தது. மச்சான் எழும்பினார். பழக்க தோஷம், செருமினார்.

"ஆ, கரடி வந்திட்டுது!" என்றான் மேல் வயல்காரன் ஒருவன்.

"மடையக் கட்டுங்க மனே!" என்று இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது.

மச்சான் தண்ணீரைப் பற்றி ஏதோ சொன்னார். இவ்வளவு மெல்ல அவர் பேசி நான் கேட்டதில்லை. "நல்ல படம் விதானையார்," என்று மேல் வயல்காரர்கள் சிரித்தபடியே எழும்பிப் போய்விட்டார்கள். கடைசி வயல்காரர்கள் மட்டும் இருந்தார்கள். அவர்களிடம் கட்டுவதற்கு மடையுமில்லை, தண்ணீருமில்லை. நான் வயரைச் சுருட்டினேன். சுருட்டி, அவிழ்த்து, மறுபடியும் சுருட்டினேன். அவர் பக்கம் பார்க்காமல் இருக்க வேறு வேலை அகப்படவில்லை.

இரவு மச்சான் வீட்டில் தங்கி, மறுநாள் விடிய ஆறு மணிக்கு வாய்க்கால் ஓரம் அவர் பின்னால் நடந்தேன். வழக்கமாக ஓரிடத்தில் நின்று கூப்பிடுகிறவர், அன்று ஒவ்வொரு வரம்பாக ஏறி இறங்கினார். ஒவ்வொருவர் கிட்டவும் போய்க் காதோடு சொன்னார். சிலர் மண்வெட்டியை எடுத்தார்கள், சிலர் எடுக்கவில்லை.

"மச்சான், நான் வேணுமெண்டாக் கூப்பிடவா?" என்றேன்.

அவர் திரும்பாமலே சொன்னார்: "நீ கூப்பிட்டாலும் கரடிதான். நான் கூப்பிட்டாலும் கரடிதான். நட."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சந்திக்கு வந்ததும், "நஸீராட்ட குடு" என்று ஒரு பை மரவள்ளிக்கிழங்கு தந்தார். பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றார்.

எண்பது ரூபாய், கிட்டங்கி, பிறகு கடல். சாய்ந்தமருதில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். மீன்காரன், ஓட்டோக்காரன், நான், எல்லாரும். ஒருவர் சத்தத்தை இன்னொருவர் எடுத்தாலும் அந்த இரைச்சலில் தெரியாது. வயல்வெளியில் ஒரு மனிதனுக்கு ஒரு சத்தம்தான். அதை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் நஸீரா டீவிக்கு முன்னால் தயாராக இருந்தாள். "கரடி கதைச்சாம், சனமெல்லாம் சிரிச்சாம். எனக்கும் ஒருக்காப் போட்டுக் கதைச்சிக் காட்டுங்களன்."

போட்டேன். கரடி எழும்பி நின்று ஜப்பானியத்தில் இழுத்தது. அவள் என் வாயையே பார்த்தாள்.

"என்ன சொல்லுது?"

"கீழ ஆக்கள் இரிக்காங்க, தண்ணிய விடுங்க எண்டு சொல்லுது," என்றேன், என் சொந்தச் சத்தத்தில்.

"இவ்வளவுதானா? இதுல என்ன பகிடி?"