ஒரு சொல் சொல்லாத அப்பா

அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகள் எழுதுவது. களைத்துப்போய்த்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அலைச்சல் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சாவகச்சேரியில் பிறந்தார். கொழும்பில் சட்டம் படித்து, சட்டமா அதிபர் திணைக்களத்தில் அரச சட்டத்தரணியாகச் சேர்ந்தார். சட்டமா அதிபர் என்றால் அரசாங்கத்தின் தலைமைச் சட்ட அதிகாரி. ஒருவர்மீது வழக்குத் தொடுப்பதா, விடுவதா என்று முடிவெடுப்பவர். அவருக்காகக் கோப்புகளைப் படித்து அபிப்பிராயம் எழுதுவதே அப்பாவின் வேலை. எங்கள் சனம் அதை வேறுவிதமாக விளங்கிக்கொண்டது. பெரியவரின் அறைக்குள் போய்வருகிற ஆள், ஒரு சொல் சொன்னால் காரியம் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். வாசலில் செருப்புக் குறைந்த நாளே இல்லை. அப்பா எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தார், சொல் மட்டும் கொடுக்கவில்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒரு கொலை வழக்கில் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டார். அப்போது அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, ஒரு வசனம் கதையுங்கோவன். என்ர தம்பியல்லோ," என்று அம்மா அழுதார்.

"கதைக்க ஏலாது," என்றார் அப்பா.

சில மாதங்களின் பின், சாட்சியம் இல்லையென்று சட்டமா அதிபர் மாமாவை விடுவிக்கச் சொன்னார். அதன் பிறகுதான் எங்களுக்குச் சனி பிடித்தது. அத்தான்காரன் சொல்லி வெளியில் எடுத்துவிட்டான் என்று ஊர் பேசியது. கொலை செய்தவனைத் தப்பவைத்துவிட்டார்கள் என்பதுதான் அந்தப் பேச்சின் அர்த்தம். மாமாவுக்கோ, உள்ளே கிடந்தபோது அத்தான் திரும்பியும் பார்க்கவில்லை என்ற கோபம். நாடு விட்டு நாங்கள் வென்ட்வேர்த்வில்லுக்கும் மாமா மெல்பேர்னுக்கும் வந்த பிறகும் ஊர்ப்பேச்சும் மாமாவின் கோபமும் ஓயவில்லை. கல்யாண வீடுகளில் இருவரையும் வேறு வேறு மேசைகளில் இருத்தி இருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

இந்த நாட்டில் அப்பாவின் படிப்புச் செல்லவில்லை. பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் கோப்பு அடுக்கினார். அப்போதும் விசாவுக்கு "ஒரு சொல்" கேட்டு ஆட்கள் வந்தார்கள். இங்கே சட்டமா அதிபர் ஓர் அமைச்சர், வாக்குக் கேட்டு வென்றவர் என்று அறிந்தபோது அப்பா சிரித்தார்.

"பாவம் அந்த மனுசன். எத்தினை பேர் வந்து கேப்பினம்," என்றார்.

கடைசிக் கிழமையில் மாமா மெல்பேர்னிலிருந்து வந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"அத்தான், உண்மையைச் சொல்லுங்கோ. அண்டைக்கு எனக்காக ஒரு சொல் சொன்னனீங்களோ?"

"இல்லைத் தம்பி. உன்ர கோப்பு வந்தவுடன, இவர் என்ர மச்சான், இதை எனக்குத் தராதேங்கோ எண்டு மட்டும் சொன்னனான். உன்னைத் தெரியாத ஒராள்தான் வாசிச்சு, ஒண்டும் இல்லை எண்டு எழுதினவர். நான் வாய் திறந்திருந்தா நீ செய்யேல்லை எண்டு ஆர் நம்புவினம்? நானே நம்பியிருக்க மாட்டன்."

மாமா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே அத்தான்."

"நீ கேக்கேல்லையே," என்றார் அப்பா.

எனக்கு இரண்டு பேர்மீதும் ஆத்திரம் வந்தது. இந்த நாலு வார்த்தைக்காகக் காத்திருந்தே அம்மா முந்திப் போய்விட்டார்.

அப்பாவைப் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், எங்கள் குசினியில் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும், தேவாரம் பாடிய பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லத் தெம்பில்லை. முடித்துவிடலாம் என்று நினைத்தபோது மாமா தொலைபேசியில் அழைத்தார்.

"பிள்ளை, என்ர நன்றியையும் போடு. அத்தான் எனக்காக ஒண்டுமே செய்யேல்லை எண்டு பெரிய எழுத்தில போடு. எல்லாரும் வாசிக்கோணும்."