தையற்காரம்மாவின் நாவல் மரம்

எங்கள் தெருவில் என் பெயர் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது எல்லோருக்கும் 'செடிக்காரம்மா வீட்டுக்காரர்'. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைச் செடிக்காரம்மாவிடம் போய்ச் சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது.

என் மனைவி வீட்டை ஒட்டிய காலி இடத்தில் நர்சரி நடத்துகிறாள். ஒட்டு மா, கொய்யா, எலுமிச்சை ஒரு பக்கம். குரோட்டன்ஸும் மற்ற அழகுச் செடிகளும் பச்சை வலைப் பந்தலுக்குள். புங்கன், மகிழம், நாவல் என்று நாட்டு மரக் கன்றுகள் சுவரோரம். விதை போடுவது, பதியன் வைப்பது, ஒட்டுக் கட்டுவது எல்லாம் அவள். மண் கலப்பது, பை நிரப்புவது, தண்ணீர் விடுவது, திட்டு வாங்குவது எல்லாம் நான்.

வியாபாரத்தில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒருவர் காசு கொடுத்து வைத்த செடியைத் தலைகீழாக நின்றாலும் இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டாள். "அது அவங்க செடி. நாம வெறும் காவல்தான்" என்பாள். அந்தப் பிடிவாதம்தான் எங்கள் நர்சரி வாசலில் ஒரு மரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது.

பல வருடங்களுக்கு முன் ஒரு தையற்காரம்மா ஒட்டு நாவல் கன்று ஒன்றுக்குக் காசு கொடுத்துவிட்டு, "நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்" என்று போனார். வந்ததும் கண்ணில் படட்டும் என்று என் மனைவி அதைக் கேட்டுக்குப் பக்கத்தில், வண்டி வரும் வழியிலேயே வைத்தாள். தையற்காரம்மா வரவில்லை. செடிப் பைகளை அவ்வப்போது தூக்கி இடம் மாற்றாவிட்டால் வேர் பையைக் கிழித்துக்கொண்டு தரையில் இறங்கிவிடும். இது எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த ஒரு பையை மட்டும் அவள் தொட விடவில்லை. "இடம் மாத்தினா அவங்க வந்து தேட மாட்டாங்களா?" என்றாள். யாரும் தேடி வரவில்லை. வேர்தான் இறங்கியது. நானும் கேட்டை ஒட்டி ஒதுங்கி ஒதுங்கி நடக்கப் பழகிக்கொண்டேன்.

மரம் காய்க்கத் தொடங்கியபோதுதான் எனக்குச் சோதனைக் காலம். பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அவள் ஒன்றைக்கூடத் தொட மாட்டாள். என்னையும் விட மாட்டாள். அடுத்தவர் பழமாம். குருவி தின்னலாம், அணில் தின்னலாம், கட்டிய புருஷன் தின்னக் கூடாது. திருடித் தின்னவும் வழியில்லை. சாப்பிட உட்கார்ந்தால், "எங்க, நாக்கைக் காட்டுங்க" என்பாள். நாவற்பழம் தின்றவன் நாக்கு பொய் சொல்லுமா? அன்றைக்கு ரசத்தில் உப்பு இருக்காது.

இப்படி இருக்கையில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு லாரி நிறையச் செடிகள் வேண்டுமாம். அதுவரை எங்களுக்கு வந்ததெல்லாம் ஸ்கூட்டரில் இரண்டு செடி வாங்கிப் போகிறவர்கள்தான். கான்ட்ராக்டர் வந்து பார்த்தார். "லாரி உள்ள வரணும்மா. தெருவுல நிறுத்தி ஏத்தறதுக்கு என்கிட்ட ஆள் கிடையாது" என்று மரத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

"வெட்டிடலாம்" என்றேன்.

"அடுத்தவங்க மரத்தை வெட்ட நீங்க யாரு?"

"அந்தம்மாதான் வரவே இல்லையே!"

"வரலைன்னா நீங்க போய்க் கேளுங்க. அவங்க வெட்டச் சொன்னா வெட்டிக்கலாம்."

ரோஷம் எனக்கும் உண்டு. ஊரில் இருக்கும் தையல் கடை ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் நான் வாய் திறப்பதற்குள் என் கழுத்தை அளந்துவிட்டார்கள். கடைசியில் ஒரு மாடி அறையில், தையல் மெஷினுக்குப் பின்னால் அவரைக் கண்டுபிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

"அந்தச் செடி இன்னுமா இருக்கு? அப்ப வாடகை வீடுங்க. வீட்டு ஓனர் மண்ணுல கை வைக்கக் கூடாதுன்னுட்டாரு. உங்ககிட்ட வந்து சொல்ல வெக்கமா இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

அன்று மாலையே என்னோடு வந்தார். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். என் மனைவி நாற்காலி போட்டு, லாரி விவகாரத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"இதுக்கா என்னைத் தேடினீங்க? தாராளமா வெட்டிக்கோங்கம்மா. எனக்காக உங்க பொழப்பு கெடலாமா?" என்றார் தையற்காரம்மா.

ஜெயித்துவிட்டேன் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு மனைவியைப் பார்த்தேன். "சரி, அவங்களே சொல்லிட்டாங்க. காலையில ஆளை வரச் சொல்லுங்க" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஹோஸ் பைப்பை எடுத்து, நான் ஏற்கெனவே தண்ணீர் விட்ட செடிகளுக்கே மறுபடியும் விட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அந்த மரத்தின்மேல் அவளுக்கு உயிர். தன்னுடையது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாததால் காவல் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். இப்போது சொன்ன சொல்லையும் மீற முடியாமல் நிற்கிறாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஊரெல்லாம் அலைந்து இந்தம்மாவைக் கூட்டி வந்த என்மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

"அம்மா, இந்த மரத்தை எனக்குக் கொடுத்துடறீங்களா?" என்று கேட்டேன்.

"அதான் வெட்டிக்கச் சொல்லிட்டேனே!"

"வெட்ட இல்லைங்க. எனக்குச் சொந்தமா வேணும். என்ன விலைன்னு சொல்லுங்க."

தையற்காரம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஹோஸ் பைப்போடு நின்றவளைப் பார்த்தார். "விலையெல்லாம் வேணாங்க. என் ஜன்னல்ல வைக்கற மாதிரி ஒரு தொட்டிச் செடி குடுங்க, போதும்" என்றார். பூத்து நின்ற ரோஜாத் தொட்டி ஒன்றைக் கையோடு கொடுத்து, ஆட்டோவிலும் ஏற்றிவிட்டேன். நாளைக்கு என்ற பேச்சுக்கே நான் இடம் கொடுக்கவில்லை.

திரும்பி வந்து, "மரம் இப்ப என்னுது. வெட்டறதுல எனக்கு இஷ்டமில்லை" என்றேன்.

"அப்ப லாரி?"

"தெருவுல நிக்கட்டும். நான் தூக்கிட்டுப் போய் ஏத்தறேன்."

"நீங்களா? ஒரு பை தூக்கினா ஒரு வாரம் தைலம் தேய்க்கணும்!"

லாரி வந்து தெருவில் நின்றது. டிரைவர் முன் சீட்டில் காலை நீட்டித் தூங்கிவிட்டார். கொஞ்ச நேரம் என்னைத் தனியாக விட்டு வேடிக்கை பார்த்தவள், பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் வந்து தூக்கினாள். கடைசிக் கன்றை ஏற்றி அனுப்பிவிட்டு நான் இடுப்பைப் பிடித்தபடி மரத்தடியில் சாய்ந்தேன்.

அவள் வந்து என் முன்னால் நின்றாள். ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"மரம் உங்களுதுதானே?"

"பின்னே?" என்றேன் கெத்தாக.

"இத்தனை வருஷம் இதோட சருகை நான்தான் கூட்டினேன். இனிமே நீங்க கூட்டுங்க." துடைப்பத்தை என் மடியில் போட்டுவிட்டுச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

நான் முனகிக்கொண்டே எழுந்து கூட்ட ஆரம்பித்தேன். நான் எழுந்த இடத்தில் அவள் உட்கார்ந்து, மரத்தில் சாய்ந்துகொண்டாள்.