பிச்சாட்டூரில் எடுத்த ரூம் டோன்

அன்று நடந்தது, வரிசையாக:

1. ஒரு வெறியில் விழுந்து மீண்ட ஆண்களைப் பற்றிய ஆவணப்படம். ஒலிப்பதிவு நான். மூன்றாவது ஆள், பிச்சாட்டூர் பக்கத்து விவசாயக் கூலி முனிரத்தினம். சேவல் சண்டை வெறியில் மனைவியைப் பிரிந்தவர்.

2. இனி சேவலைத் தொடுவதில்லை என்று காணிப்பாக்கம் கோயில் குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு சத்தியம் செய்திருந்தார். அங்கே பொய்ச் சத்தியம் செய்ய இந்தப் பக்கத்தில் யாரும் துணிவதில்லை. அதை நம்பி மனைவி கோகிலா அன்று காலைதான் நகரியிலிருந்து, தாய்வீட்டை விட்டுத் திரும்பியிருந்தார்.

3. அவர் வீட்டில் பேட்டி முடிந்தது. கேமராவை நிறுத்தினார்கள். நான் ரூம் டோன் கேட்டேன்.

பேச்சில்லாத அறையின் ஒலியை ஒரு நிமிடம் பதிவதுதான் ரூம் டோன். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை அதுதான் நிரப்பும். யாரும் அசையக் கூடாது.

மெல்லிய ஒலியும் கேட்க, மைக்கின் கெயினை ஏற்றினேன். ஹெட்போனில் ‘க்கொக்’ என்றது. பிறகு நகம் மண்ணைப் பிராண்டும் சத்தம், பின்வாசல் பக்கம். வேறு யாருக்கும் கேட்கவில்லை.

“ஓகேவாம்மா?” என்றார் இயக்குநர்.

“இன்னொரு தடவை சார்.”

தவறாகக் கேட்டிருக்க வேண்டும் என்று விரும்பினேன். மறுபடியும் அதே சத்தம். நிமிர்ந்தேன். முனிரத்தினம் என் ஹெட்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டுக்கிச்சாம்மா?”

ஹெட்போனைக் கழற்றினேன். அவர் எழுந்து போய், சாக்கு மூடிய கூடையிலிருந்து ஒரு சேவலைக் கொண்டுவந்து, சுவரோரம் உட்கார்ந்திருந்த கோகிலா முன் வைத்தார்.

“மூணு நாளா இருக்குது. சண்டைக்கு இல்ல, சும்மா வளத்துக்கினு இருக்கலாம்னு...”

“ஈரத்துணி காயறதுக்குள்ள சேவலா? இதுக்குத்தான் என்னெ இட்டுக்கினு வந்தியா?”

“அந்தப் பொண்ணு காதுக்கு மறைக்க முடியல. உனக்கும் மறைக்க வேணாம்னு தோணிச்சி.”

“அப்ப நானும் அந்த மெஷினெ மாட்டிக்கினுதான் உன்கூட குடும்பம் பண்ணணும்!”

கேமரா ஓடவில்லை என்பது இயக்குநருக்கு அப்போதுதான் உறைத்தது. “அதே மாதிரி இன்னொரு வாட்டி கொண்டு வரீங்களா?”

“முடியாது சார். ரெண்டாவது வாட்டி பண்ணா நடிப்பு.”

அதன் பிறகு, ரூம் டோன் முடியும்வரை கேமராவை நிறுத்த நான் விடுவதில்லை. புதிதாக வருபவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

படம் முடிந்துவிட்டது. இருவர் சம்மதத்தோடும் அந்த இடத்தில் கறுப்புத் திரை, என் கருவியில் பதிவான குரல்கள் மட்டும். கோகிலா அன்றே நகரிக்குப் பஸ் ஏறினார். சேவலையும் பையில் போட்டு எடுத்துப்போனார். முனிரத்தினம் மறுபடி சத்தியம் செய்யவில்லை. கோகிலா இன்னும் திரும்பவில்லை.